நர்சம்மாவுக்கு ஊசித் திருவிழா

ஐப்பசி 3, திங்கள்

இது என் கையெழுத்து. நானே எழுதுகிறேன். யாரும் என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

என் பெயர் தீர்த்தகிரி. வயது எழுபதுக்கு மேல். எவ்வளவு மேல் என்பதில் ரேஷன் கார்டுக்கும் வாக்காளர் அட்டைக்கும் சண்டை. ஊர் கொன்றைமேடு. மலைமேல் நாற்பத்தாறு வீடுகள். கீழ்நாட்டிலிருந்து வரும் ஜீப் கடைசி வளைவோடு நின்றுவிடும். அங்கிருந்து இரண்டு மணி நேரம் ஏற வேண்டும். ஊரில் ஒரு துணை சுகாதார நிலையம் இருக்கிறது. அதில் ஒரே ஒரு நர்சம்மா, தமயந்தி. புதன்கிழமைதோறும் கடைசி வளைவில் ஜீப்காரர் கொடுக்கும் தடுப்பூசி ஐஸ் பெட்டியைத் தோளில் சுமந்து வந்து அவரிடம் சேர்ப்பது என் வேலை. பதினொரு வருடமாகச் செய்கிறேன்.

ஆறு மாதத்துக்கு முன்பு நர்சம்மா முதியோர் எழுத்து வகுப்பு ஆரம்பித்தார். ஏழு பேர் போனோம். ஆறு பேர் நின்றுவிட்டார்கள். நான் நிற்கவில்லை. பல் போனதும் வெற்றிலையை விட்டுவிட்டேன். வாய்க்குத்தான் வேலை இல்லை, கைக்காவது இருக்கட்டும் என்று போய்க்கொண்டே இருந்தேன்.

எழுத நர்சம்மா ஒரு பழைய தடுப்பூசிப் பதிவேடு கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் கட்டம் போட்டிருக்கிறது. குழந்தையின் பெயர், வயது, ஊசி, பக்க விளைவு. நான் கட்டங்களின் மேலேயே ஏறி எழுதிப் போகிறேன். ஆனால் கடைசிக் கட்டத்தைச் சும்மா விட மனம் வரவில்லை.

பக்க விளைவு: விரல் வலி. சந்தோஷம்.

ஐப்பசி 4, செவ்வாய்

என் பெயர் அச்சில் வந்திருக்கிறது.

கீழே இருந்து உத்தரவு வந்தது. நர்சம்மா காட்டினார். "சுகாதாரப் பணியாளர்கள்" என்று மேலே எழுதி, கீழே இரண்டு பெயர். ஒன்று தமயந்தி. இரண்டு தீர்த்தகிரி, பெட்டி சுமப்பவர். நான் சுகாதாரப் பணியாளர் என்று இவ்வளவு நாள் எனக்கே தெரியாது. என் பெயரை மட்டும் நாற்பது தடவை படித்தேன். மற்றதைப் படிக்க நேரம் இல்லை.

"மத்ததையும் படிங்க அய்யா" என்றார் நர்சம்மா. அவர் முகம் வெளுத்திருந்தது.

"என்னா சொல்லியிருக்குது?"

"காய்ச்சல் தடுப்பூசி. நம்ம ரெண்டு பேரும் கட்டாயம் போட்டுக்கணுமாம். நாளைக்குப் பெட்டியில வருதாம். கீழேருந்து ஒரு நர்சு வந்து எனக்குப் போடுவாங்களாம்."

பிறகு வழக்கம்போல என் வீட்டுக்கு வந்து உண்ணாமலையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். உண்ணாமலை என் மனைவி. செவ்வாய்தோறும் கேட்பார். இருமல் கொஞ்சம் இருக்கிறது. கொஞ்சம்தான்.

வெளியே வந்ததும் நர்சம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அய்யா, நாலாயிரம் ஊசி போட்டிருக்கேன். ஆனா அந்த முனை என் பக்கம் திரும்புச்சுன்னா கண்ணு இருட்டுது. படிக்கிறப்ப நாலு பேரு புடிச்சுத்தான் போட்டாங்க. மறுபடியும்னா நான் ஊரை விட்டே ஓடிருவேன்" என்றார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை. எழுதுகிறேன், அவ்வளவுதான்.

பக்க விளைவு: இன்னும் போடவே இல்லை.

ஐப்பசி 5, புதன்

பெட்டியை வாங்கிக்கொண்டு ஏறினேன். வழியில் யானைப்பாறையில் உட்கார்ந்தேன். வெயில் நன்றாக இருந்தது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கலாம் என்று மூடியைத் திறந்தேன். ஒரு குப்பியில் எழுத்து மிகவும் பொடி. படித்து முடிக்க மதியம் ஆகிவிட்டது. ஐஸ் எல்லாம் வெந்நீர்.

கீழேயிருந்து வர வேண்டிய நர்சு மழையில் ஓடை ஏறிவிட்டது என்று திரும்பிப் போய்விட்டாராம். நான் வந்தபோது ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான்.

நர்சம்மா பெட்டியைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். "கெட்டுப் போச்சு" என்றார். திட்டவில்லை. சுக்குக் காப்பி கொடுத்தார்.

ஐப்பசி 9, ஞாயிறு

சோப்பு உறை படித்தேன். தீப்பெட்டி படித்தேன். கடைசி வளைவில் கல்லில் எழுதியிருப்பது ஊர்ப் பெயர் இல்லையாம், தூரமாம். நாற்பது வருடமாக அதைச் சாமி என்று நினைத்துக் கும்பிட்டு வந்திருக்கிறேன். இனிமேலும் கும்பிடுவதாக உத்தேசம். இத்தனை வருடம் விழாமல் ஏறினேனே.

ஐப்பசி 12, புதன்

இன்று காய்ச்சல் ஊசி மறுபடியும் வந்தது. பெட்டி மறுபடியும் கெட்டுவிட்டது. பாறையில் கொஞ்சம் கண் அயர்ந்துவிட்டேன். மூடி எப்படித் திறந்தது என்று தெரியவில்லை. குரங்காக இருக்கலாம்.

ஐப்பசி 14, வெள்ளி

இரண்டாவது உத்தரவு வந்தது. நர்சம்மா அதை வாசிக்காமல் மேசையில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் எடுத்துப் படித்தேன். இந்தத் தடவை என் பெயரைத் தாண்டிப் படித்தேன். ஒவ்வொரு எழுத்தாகத்தான் எனக்கு வரும். ஒரு வரிக்கு ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்.

இந்த மாதக் கடைசிக்குள் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள் மலையில் வேலை செய்யக் கூடாது, கீழே மாற்றப்படுவார்கள் என்று முதல் வரி. அது எனக்கு எழுத்துக் கூட்டும்போதே கசந்தது. இந்த நர்சம்மா போனால் வேறு நர்சம்மா வர மாட்டார். இவர் வருவதற்கு முன்பு ஆறு வருடம் யாரும் வரவில்லை.

அதற்கு அடுத்த வரி நீளம். "பணியாளரின் காய்ச்சல்" என்று ஆரம்பித்தது. "முதியோருக்கும்" என்று வந்தது. "நெஞ்சு பலவீனமானவர்களுக்கும்" என்று வந்தது. அங்கே கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினேன். "தொற்றி உயிருக்கு ஆபத்து" என்று வந்தது. "ஏற்படாமல் இருக்கவே" என்று முடிந்தது.

அந்த ஊசி நர்சம்மாவுக்காக இல்லை. அவர் குழாய் வைத்துக் கேட்கும் நெஞ்சுக்காக.

முதல் உத்தரவை எடுத்துப் பார்த்தேன். அதிலும் அதே வரி இருக்கிறது. என் பெயருக்கு நேர் கீழே.

வீட்டுக்குப் போனேன். உண்ணாமலை இருமிக்கொண்டே சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். "ஏன்யா மூஞ்சி இப்பிடி இருக்குது?" என்றாள்.

"வெயிலு" என்றேன். வெளியே மழை.

ஐப்பசி 16, ஞாயிறு

ஊர்க்கவுண்டர் கரியானுக்கு உத்தரவைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். நர்சம்மா ஓடிவிடலாம் என்றும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கோயில் மைதானத்தில் கூட்டம் போட்டார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மருந்து கொடுப்பவர் முதல் மடக்கு தாம் குடிக்க வேண்டும். நோயாளி பார்க்கக் குடிக்க வேண்டும். பிறகுதான் நாங்கள் வாய் திறப்போம். பதினொரு வருடமாக நர்சம்மா தமக்கு ஒரு ஊசிகூடப் போட்டுக்காட்டாமல் எங்களுக்குப் போட்டு வருகிறார். குழந்தை ஊசி பெரியவர்களுக்குச் சேராது என்றார். நல்லவர் ஆயிற்றே என்று ஊர் பொறுத்துக்கொண்டது.

"இப்பதான் சர்க்காருக்கே புத்தி வந்திருக்குது!" என்றார் கரியான். "நம்ம வழக்கத்தைச் சட்டமாவே போட்டுட்டான். இத ஊரே கொண்டாடணும்."

மேளம் வைப்பது என்று முடிவானது. காப்புக் கட்டுவது என்றும் முடிவானது. காப்புக் கட்டிவிட்டால் அவிழ்க்கும் வரை எல்லைக்குள் இருப்பவர் யாரும் எல்லை தாண்டக் கூடாது. கரியான் எனக்கு மச்சான் முறை. கூட்டம் கலைந்ததும் என் காதில், "இனிமே உங்க நர்சம்மா எப்பிடி ஓடுதுன்னு பாக்கறேன் மச்சான்" என்றார்.

அவருக்கு யார் சொன்னார்களோ.

ஐப்பசி 18, செவ்வாய்

எல்லைக் கல்லில் வேப்பிலைத் தோரணம் கட்டியாயிற்று. எல்லோர் மணிக்கட்டிலும் மஞ்சள். நர்சம்மா கையிலும் கட்டினார்கள். அவர் எல்லைக் கல்லைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்.

இன்று அவர் உண்ணாமலையின் நெஞ்சைக் கேட்க வந்தபோது வாசலில் வைத்து, "வேணாம் நர்சம்மா, ஊசி போட்டுக்கிட்டு வாங்க" என்று சொன்னேன். சொன்னது நான்தான். எனக்கே காது கூசியது.

அவர் குழாயைச் சுருட்டிப் பையில் வைத்தார். "சரிங்க அய்யா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பக்க விளைவு: உண்ணாமலை என்னோடு பேசவில்லை.

ஐப்பசி 19, புதன்

பெரிய நாள். மெதுவாக எழுதுகிறேன்.

இரண்டு பெட்டி கெட்டதால் விசாரிக்க டாக்டரே வந்துவிட்டார். பெயர் இளம்பரிதி. வயது முப்பது இருக்கும். மூன்றாவது பெட்டியைத் தாமே சுமந்து வந்தார். தோரணத்துக்குக் கீழே குனிந்து எல்லைக்குள் கால் வைத்தார். மேளம் அடித்தார்கள். தமக்கு வரவேற்பு என்று நினைத்துக் கும்பிட்டார்.

"அமாவாசைக்குத்தான் காப்பு அவுப்போம் சாமி. அது வரைக்கும் எல்ல தாண்டக் கூடாது" என்றார் கரியான்.

"நான் சாயங்காலம் கீழ போகணும்."

"போலாம். அமாவாச சாயங்காலம்."

டாக்டர் சிக்னல் பாறையில் ஏறி மேலதிகாரிக்குப் போன் போட்டார். பத்து நிமிடம் பேசினார். இறங்கி வந்து, "அந்த மாதிரி லீவு படிவத்துல இல்லையாம்" என்றார். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்தார். யாரோ களி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அடுத்த சிக்கல். டாக்டர்தான் ஊசி போடப் போகிறவர். அவர் முதல் மடக்கு குடித்தாரா?

"நான் போன வாரமே போட்டுக்கிட்டேன்."

"நாங்க பாத்தமா?" என்றார் கரியான்.

டாக்டர் பையிலிருந்து ஒரு சான்றிதழ் எடுத்தார். யார் படிப்பது? நர்சம்மா படித்தால் அவர் கட்சி. டாக்டர் படித்தால் அவரே சாட்சி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் படித்தேன். மைதானத்தின் நடுவில் நின்று, நூற்றைம்பது பேர் முன்னால், சத்தமாக. கால் மணி நேரம் ஆனது. இரண்டு கிழவர்கள் தூங்கிவிட்டார்கள். ஒரு கன்று வந்து என் வேட்டியை மென்றது. நான் நிறுத்தவில்லை. கடைசியில் முத்திரையில் இருந்ததையும் வட்டமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். கைதட்டினார்கள்.

அதற்கும் அடுத்த சிக்கல்தான் பெரியது. காப்புக் கட்டிய ஊரில் ரத்தம் சிந்தக் கூடாது. கோழி அறுக்கக் கூடாது, சவரம் செய்யக் கூடாது. ஊசி குத்தினால் ரத்தம் வருமே!

"இத யாருமே யோசிக்கலியா?" என்று கேட்டார் டாக்டர்.

"மேளக்காரனைப் புடிக்கிறதுலயே நேரம் போயிருச்சு சாமி" என்றார் கரியான்.

ஓடுவதைத் தடுக்கக் காப்பு. காப்பு இருப்பதால் ஊசி கிடையாது. ஊசி போடாமல் காப்பை அவிழ்த்தால் நர்சம்மா கீழே. ஊர் முழுக்க இந்தக் கணக்கைச் சாயங்காலம் வரை போட்டது. நர்சம்மா முகத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் ரத்தம் ஓடியது.

"ரத்தமே வராது பெரியவரே. சின்ன ஊசி" என்றார் டாக்டர்.

"காட்டுங்க" என்றது ஊர்.

பெட்டியில் ஐஸ் வெள்ளிக்கிழமை வரைதான் தாங்குமாம்.

ஐப்பசி 20, வியாழன்

காலையில் நான் சட்டையைக் கழற்றினேன். உத்தரவில் என் பெயரும் இருக்கிறது. நானும் சுகாதாரப் பணியாளர். எனக்குப் போட்டுப் பார்க்கட்டும், ரத்தம் வந்தால் விட்டுவிடலாம், வராவிட்டால் நர்சம்மாவுக்குப் போடலாம் என்றேன்.

டாக்டர் குத்தினார். எறும்புக் கடிதான். உடனே நான் கட்டை விரலை அந்த இடத்தில் அழுத்தி வைத்துக்கொண்டேன். எரிந்தது, அதனால்.

"கைய எடு மச்சான், பாக்கணும்" என்றார் கரியான்.

கொஞ்ச நேரம் கழித்து எடுத்தேன். எல்லோரும் வந்து பார்த்தார்கள். ரத்தம் இல்லை. ரத்தம் வரவே இல்லை. ஊர் ஒத்துக்கொண்டது.

இந்தப் பக்கத்தின் ஓரத்தில் கட்டை விரல் பட்ட இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கிறது. அது வெற்றிலைச் சாறு.

இனி நர்சம்மா. அவரைக் காணவில்லை.

எல்லைக் கல்லுக்கு ஆள் ஓடியது. அங்கே இல்லை. சுகாதார நிலையத்தில் மருந்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், குழந்தைகள் ஒளிந்துகொள்ளும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். பதினொரு வருடமாக அந்த இடத்திலிருந்து பிள்ளைகளை இழுத்து வருவது அவர்தான்.

யார் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. அப்போது உண்ணாமலை எழுந்தாள். மைதானத்திலிருந்து அவ்வளவு தூரம் நடந்தாள். மூன்று இடத்தில் நின்று இருமினாள். அலமாரிக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டு கையை நீட்டினாள்.

"வா கண்ணு. ஒண்ணுமில்ல. எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும்."

அது நர்சம்மாவின் வார்த்தை. ஊரில் எல்லாத் தாய்மார்களுக்கும் அது மனப்பாடம்.

"அம்மா, எனக்கு மயக்கம் வரும்."

"வரட்டும். என் மடியில வரட்டும்."

நர்சம்மா வெளியே வந்தார். உண்ணாமலையின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நாற்பத்தைந்து வயது அவருக்கு. உடனே பெண்கள் எல்லோரும் சுற்றி வந்துவிட்டார்கள். ஒருத்தி கிலுகிலுப்பை ஆட்டினாள். ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க பாரு, காக்கா! காக்கா பாரு!"

"எங்க?" என்று நர்சம்மா உண்மையாகவே தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"அதோ, கூரை மேல!"

காக்கா இல்லை. அதற்குள் டாக்டர் போட்டுவிட்டார்.

"முடிஞ்சுதா?"

"எப்பவோ முடிஞ்சு போச்சு. அழுவாத புள்ள நல்ல புள்ள" என்றாள் உண்ணாமலை. யாரோ வெல்லம் கொண்டுவந்து நர்சம்மா வாயில் போட்டார்கள். அவர் வாயில் வெல்லத்தோடு ஓவென்று அழுதார். மேளம் அடித்தது. டாக்டரும் கொஞ்சம் ஆடினார் என்று சொல்கிறார்கள். நான் பார்க்கவில்லை, என் கண்ணில் ஏதோ விழுந்திருந்தது.

பக்க விளைவு: நர்சம்மாவுக்குக் கை வலி. எனக்குக் கை வலி. ஊருக்குக் கால் வலி.

ஐப்பசி 22, சனி

காப்பு இன்னும் இருக்கிறது. டாக்டரும் இருக்கிறார். சும்மா இருக்க முடியாமல் வீடு வீடாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் ஊரில் ஒரு டாக்டர் படுத்து எழுவது இதுதான் முதல் தடவை. இதுவரை எண்பத்துமூன்று பேரைப் பார்த்துவிட்டார். மலை முழுக்க எட்டு ஊர்க்காரர்கள் எல்லைக்கு வெளியே வரிசையில் நிற்கிறார்கள். தோரணத்துக்கு இந்தப் பக்கம் டாக்டர், அந்தப் பக்கம் நோயாளி. நாக்கை நீட்டச் சொல்கிறார்.

உண்ணாமலையின் நெஞ்சை வெகு நேரம் கேட்டார். இது வயசு இருமல் இல்லை, சரியாக்கலாம் என்றார். சிக்னல் பாறையிலிருந்து சொல்லி மருந்து வரவழைத்தார்.

இந்தச் சங்கதியை எழுதும்போது எழுத்து கோணுகிறது. மை சரியில்லை.

ஐப்பசி 23, ஞாயிறு

டாக்டர் ஒரு படிவம் கொடுத்தார். பெட்டி சுமப்பவர் தாமே நிரப்ப வேண்டுமாம். இரண்டு பெட்டியிலும் குளிர் போனதற்குக் காரணம் என்ன? பக்கத்தில் ஒரு கட்டம். போகும்போது வாங்கிக்கொள்வாராம்.

ஐப்பசி 24, திங்கள்

கட்டம் காலியாக இருக்கிறது.

ஐப்பசி 25, செவ்வாய்

நர்சம்மா வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று, "வரலாமா அய்யா?" என்று கேட்டார். "வாங்க, வாங்க" என்றேன். குழாயை வைத்துக் கேட்டார். போகும்போது படிவத்தைப் பார்த்தார். "குரங்குன்னு எழுதிடுங்க" என்றார் மெதுவாக.

யோசித்தேன். இந்த வயதில் எழுதக் கற்றுக்கொண்டு, சர்க்கார் தாளில் முதல் முதலாக எழுதும் சொல் குரங்காக இருக்க வேண்டுமா?

ஐப்பசி 26, புதன், அமாவாசை

காப்பு அவிழ்த்தாயிற்று. டாக்டர் தாடியோடு கிளம்பினார். எட்டு ஊரும் வழியனுப்ப வந்தது. கரியான் என் தோளில் கை போட்டு, "மச்சான், பல் டாக்டரு வரணும்னா என்னா காப்பு கட்டணும்?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த ஆள் நர்சம்மாவுக்காகத்தான் தோரணம் கட்டினாரா?

தோரணத்தடியில் டாக்டரிடம் படிவத்தைக் கொடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தேன். நான்.

அவர் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அந்தச் சொல்லை நானே அரை நிமிடத்தில் படித்துவிடுவேன். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "உங்க எழுத்து புரியல பெரியவரே. கோழி கிண்டின மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

ஐப்பசி 27, வியாழன்

இரண்டு நாளாக உண்ணாமலை இரவில் இருமவில்லை. நான்தான் தூங்கவில்லை.

கோழி கிண்டின மாதிரியாம்! ஆறு மாதம் எழுதிப் பழகிய கை. நர்சம்மாவிடம் இந்தப் பதிவேட்டைக் காட்டி, புரிகிறதா இல்லையா சொல்லுங்கள் என்றேன். நன்றாகப் புரிகிறது, ஆனால் விட்டுவிடுங்கள் அய்யா என்கிறார். விடுவதாக இல்லை. அந்தச் சொல்லைப் பெரிதாக, அழுத்தமாக இன்னொரு தாளில் எழுதி, வரும் புதன்கிழமை ஜீப்பில் கொடுத்தனுப்பப் போகிறேன்.

உண்ணாமலை சிரிக்கிறாள். "அந்தப் புள்ள படிச்சிட்டுத்தான்யா அப்பிடிச் சொல்லிச்சு" என்கிறாள்.

அவளுக்கு ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. அவளுக்கு எப்படிப் புரிந்ததாம்?

பக்க விளைவு: வெற்றிலை கேட்டு ஊர்க்கவுண்டர் வந்தார். என்னிடம் ஏது வெற்றிலை என்றேன்.